டிராயிங் எங்கிருந்து வருகிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் லேத் பட்டறைகளுக்குப் புதிய ஜாப் ஆர்டர் ஒன்று வரும்போது, விலை பேசுவதற்கு முன்பே எழும் கேள்வி, ‘டிராயிங் வந்துவிட்டதா?’ என்பதுதான். எந்த உலோகம், எத்தனை மைக்ரான் வரை கூடலாம் குறையலாம், எந்த முனையை மழுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். தாளில் உள்ளதை அப்படியே உலோகத்தில் கொண்டுவருவது பட்டறையின் திறமை. தாளை வரைந்தவரோ பெரும்பாலும் வேறு ஊரில், பல நேரம் வேறு நாட்டில் இருப்பார். அரசின் தொழில் கொள்கை தொழில்நுட்பப் புத்தாக்கத்தை உண்டாக்குகிறதா என்பது பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலமாக மோதிக்கொள்ளும் கேள்வி. சென்னையில் இருந்துகொண்டு அதை ஆராய்வதற்கு, இந்தத் தாளைப் பின்தொடர்ந்து போவதே நல்ல வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

தொழில் கொள்கை என்று இங்கே குறிப்பிடுவது, குறிப்பிட்ட ஒரு தொழில் தன் எல்லைக்குள் வளர வேண்டும் என்று அரசு முடிவுசெய்து, நிலம், வரிச்சலுகை, கடன், இறக்குமதித் தடை, கொள்முதல், ஆராய்ச்சிக்கூடம் ஆகியவற்றில் ஏதாவதொன்றைக் கொண்டு அதை வளர்க்க முனைவதை. இதில் சென்னை பழுத்த அனுபவம் உள்ள ஊர். காமராஜர் ஆட்சியில் தொழில் அமைச்சராக இருந்த ஆர். வெங்கட்ராமனின் முயற்சியால் 1958இல் கிண்டி தொழிற்பேட்டை திறக்கப்பட்டது. அறுபதுகளில் அம்பத்தூர் வந்தது. தொழில் வளர்ச்சிக்கான மாநில அரசு நிறுவனங்களான டிட்கோ 1965இலும், சிட்கோ 1970இலும், சிப்காட் 1971இலும் தொடங்கப்பட்டன. பூந்தமல்லிக்கு அப்பால் ஏரியும் வயலுமாகக் கிடந்த இருங்காட்டுக்கோட்டையும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் தொழிற்சாலைகளாக மாறியதற்கு (அந்த ஏரிகளுக்கும் வயல்களுக்கும் என்ன ஆயிற்று என்பது தனிக் கட்டுரைக்கு உரியது) இந்த நிறுவனங்களே அடித்தளம். அரசு நினைத்தால் தொழிலை வரவழைக்க முடியுமா என்று சென்னையில் யாரும் வாதாட வேண்டியதில்லை. வந்த தொழில் சொந்தமாக யோசிக்கத் தொடங்குகிறதா என்பதுதான் வாதத்துக்கு உரியது.

பெரம்பூரிலிருந்து தொடங்கலாம். 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு தொடங்கிவைத்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலைக்கு வடிவமைப்பைத் தந்தது ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் நகரத்து நிறுவனம் ஒன்று. முழுவதும் எஃகாலான உடல், விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டி இன்னொன்றுக்குள் செருகிக்கொள்ளாத அமைப்பு என்று, மர உடல் பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்த அன்றைய இந்தியாவுக்கு அது பெரிய பாய்ச்சல். சென்னைத் தொழிலாளர்கள் அந்த டிராயிங்கை மிக விரைவாகக் கற்றுக்கொண்டார்கள். தொழில் கொள்கையின் வெற்றி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. அந்த ஸ்விஸ் வடிவத்தின் கடைசிப் பெட்டி பெரம்பூரை விட்டு வெளியேறியது 2018 ஜனவரியில். இடையில் 62 ஆண்டுகள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள். சிறுசிறு திருத்தங்கள் நடந்தன என்பது உண்மைதான். ஆனால் எலும்புக்கூடு மாறவில்லை. தொண்ணூறுகளில் இன்னும் வேகமான, பாதுகாப்பான பெட்டி வேண்டும் என்று ரயில்வே விரும்பியபோது, ஜெர்மனியிலிருந்து இன்னொரு டிராயிங்கை விலைக்கு வாங்கியது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே துறை, போட்டியாளர் கிடையாது, ஆண்டுக்கு இத்தனை பெட்டி என்பதே இலக்கு என்றிருக்கும் இடத்தில், வேறு பெட்டியை வரைந்து பார்க்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

அதே 2018இல் அதே தொழிற்சாலையிலிருந்து ‘டிரெயின் 18’ வெளிவந்ததுதான் இந்தக் கதையைச் சுவையாக்குகிறது. தனி எஞ்சின் இல்லாமல், மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே பொருத்தப்பட்ட அந்த ரயில், ஏறத்தாழ 18 மாதங்களில், சுமார் 100 கோடி ரூபாய் செலவில் உருவாகி, சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு, 2019 பிப்ரவரியில் வந்தே பாரத் என்ற பெயரில் டெல்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. வெளிநாட்டு ஆலோசகர்களின் உதவி இதில் இருந்தது. மின்னியக்க அமைப்பு ஹைதராபாத் நிறுவனம் ஒன்றிடமிருந்து வந்தது. ஆனால் எது எங்கே பொருந்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரம்பூரில் இருந்தார்கள். டிராயிங் இங்கே இருந்தது என்று நான் சொல்வது இந்தப் பொருளில்தான்.

அறுபது ஆண்டுகளாக நடக்காதது பதினெட்டு மாதங்களில் எப்படி நடந்தது? புதிய மானியம் எதுவும் வரவில்லை, தொழிற்சாலையும் தனியார்மயமாகவில்லை. இத்தகைய ரயில்களை வெளிநாட்டிலிருந்து வாங்கும் யோசனை டெல்லியில் நெடுநாள் பேசப்பட்டுவந்தது. அதைவிடக் குறைந்த செலவில் நாங்களே செய்கிறோம் என்று அன்றைய பொது மேலாளர் சுதான்சு மணியின் தலைமையிலான குழு கேட்டு, அனுமதி பெற்று, தனக்கென ஒரு காலக்கெடுவையும் வைத்துக்கொண்டது. இறக்குமதி என்ற வடிவில் ஒரு போட்டியாளர், முடிவெடுக்கும் உரிமை, தேதி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்தன. பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும்: கொள்முதல் தொடர்பாக அதிகாரிகள் சிலர் மீது விசாரணை வந்தது, அடுத்த ரயில்களின் தயாரிப்பு தடைபட்டது, விசாரணைக்கு உள்ளானவர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். 62 ஆண்டுகள் ஒரே டிராயிங்கைப் பின்பற்றியதற்காக யாரும் விசாரிக்கப்பட்டதாக நான் படித்ததில்லை.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையின் கதை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. சிறப்புப் பொருளாதார மண்டலம், கட்டிய வரியைத் திருப்பித் தருதல், விரைவான அனுமதிகள் என்று மாநில அரசும் மத்திய அரசும் தந்த சலுகைகளோடு 2006 தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, கோடிக்கணக்கில் கைபேசிகளைத் தயாரித்து, 2014 நவம்பரில் கதவை மூடியது. காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலிருந்து நீலச் சீருடையில் பேருந்தேறிய இளம்பெண்களின் வாழ்க்கையை அது என்ன செய்தது என்பது பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அதிகம் கவனிக்கப்படாத ஒரு விவரம் உண்டு. ஆலையைச் சிக்கலில் மாட்டிய வருமான வரி வழக்கு எதைப் பற்றியது? கைபேசிக்குள் ஏற்றப்படும் மென்பொருளுக்காக ஃபின்லாந்திலிருந்த தாய் நிறுவனத்துக்குச் சென்னை நிறுவனம் செலுத்திய தொகையைப் பற்றியது. அந்தத் தொகைக்கு இங்கே வரி பிடித்திருக்க வேண்டும் என்பது துறையின் வாதம். அந்த மென்பொருளே கைபேசியின் டிராயிங். அது எங்கே இருந்தது, அதற்கு எவ்வளவு பணம் போனது என்பதை ஒரு வரி வழக்கின் வழியாகத்தான் நாம் தெரிந்துகொண்டோம். தொடுதிரைக் கைபேசிகள் வந்து ஃபின்லாந்தின் டிராயிங் சந்தையில் தோற்றபோது, அதைத் திருத்திக்கொண்டு பிழைக்க ஸ்ரீபெரும்புதூருக்கு வழியே இல்லை.

ஆனாலும் அந்த எட்டு ஆண்டுகள் வீண் என்று சொல்ல மாட்டேன். அதே வளாகத்தில் பிறகு சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் தயாரிக்கத் தொடங்கியது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் ஐஃபோன்களைப் பொருத்துகிறது. மாநிலத்தின் மின்னணு ஏற்றுமதி 2024–25இல் 1,400 கோடி டாலரைத் தாண்டியது. பல்லாயிரம் பேர் நிற்கும் ஓர் அசெம்பிளி லைனைப் பிழையின்றி நடத்தத் தெரிந்த மேற்பார்வையாளர்கள் ஒரு ஊரில் இருக்கிறார்கள் என்பதே ஒரு சொத்து. தொழில்நுட்பத்தைக் கையாளக் கற்றுக்கொள்வது ஒன்று, அதை வரையக் கற்றுக்கொள்வது வேறொன்று. முதலாவதைச் சலுகைகளால் வாங்கிவிட முடிகிறது.

ஆய்வாளர்கள் சொல்வதும் ஏறத்தாழ இதையேதான். இந்தத் துறையில் எதையும் அளப்பது கடினம்; எப்படியும் வளரப்போகும் தொழிலுக்கே அரசு கைகொடுத்துவிட்டு, வளர்ச்சிக்குப் பெயர் வாங்கிக்கொள்வது உண்டு. அரசின் விருப்பு வெறுப்புக்கு அப்பாற்பட்டு ஒரு தொழிலுக்குப் பாதுகாப்புக் கிடைத்த தருணங்களைத் தேடிய பொருளாதார அறிஞர்களுள் ஒருவரான ரேகா யூஹாஸ், நெப்போலியன் பிரிட்டன் மீது 1806இல் விதித்த வணிகத் தடையை எடுத்துக்கொண்டார். தடை எல்லா இடங்களிலும் ஒரே அளவில் பலிக்கவில்லை. பிரெஞ்சுப் பேரரசின் வடபகுதிக்குப் பிரிட்டிஷ் நூல் வருவது கடினமாயிற்று, தெற்கே அவ்வளவு கடினமாகவில்லை. வடக்கில் இயந்திர நூற்பு வேகமாகப் பரவியது. போர் முடிந்த பிறகும் அது தங்கிவிட்டது. பாதுகாப்பு பலன் தரும் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் அங்கே பரவிய நூற்பு இயந்திரத்தின் டிராயிங் பிரிட்டனுடையது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பிறர் டிராயிங்கிலிருந்து தன் டிராயிங்குக்குத் தாவிய நாடு என்று தைவானைச் சொல்கிறார்கள். அங்கே 1973இல் அரசு தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றை அமைத்தது. 1976இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்திடமிருந்து சிப் தயாரிக்கும் உரிமத்தை வாங்கியது. வாங்கியதோடு நிற்காமல் இளம் பொறியாளர்களை அங்கே அனுப்பிக் கற்கவைத்தது. திரும்பி வந்தவர்களைக் கொண்டு 1980இல் யு.எம்.சி. என்ற சிப் நிறுவனமும், அரசு ஏறக்குறைய பாதி மூலதனத்தைப் போட்டு 1987இல் டி.எஸ்.எம்.சி. என்ற சிப் நிறுவனமும் உருவாயின. நம் பஞ்சாபின் மொகாலியில் அரசு அமைத்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற சிப் ஆலை 1984இலேயே உற்பத்தியைத் தொடங்கிவிட்டது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் வலிக்கும். அது பின்தங்கியதற்கு 1989இல் அங்கே ஏற்பட்ட பெருந்தீ ஒரு காரணம்தான். தைவான் நிறுவனங்கள் முதல் நாளிலிருந்தே உலகத்துக்கு விற்றாக வேண்டியிருந்தது. மொகாலிக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. தென்கொரியாவும் எழுபதுகளில் தன் பெருந்தொழில்களுக்கு மலிவுக் கடனை அள்ளிக் கொடுத்தபோது, ஏற்றுமதி இலக்கை எட்டுகிறாயா என்று மாதந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு நம் அமைச்சரைத் தெரியாது. பொருள் நன்றாக இல்லையென்றால் வாங்க மாட்டார். அரசால் கொடுக்க முடியாத கண்டிப்பை அவர் கொடுக்கிறார்.

கண்டிப்பு என்றதும் நம் ஊர்த் தோல் தொழில் நினைவுக்கு வருகிறது. தொழில் கொள்கை பற்றிய விவாதமே இந்த ஊரில் அங்கிருந்துதான் தொடங்கியது எனலாம். இன்று கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1898இல் அலுமினியப் பாத்திரங்கள் செய்யத் தொடங்கினார். சில ஆண்டுகளில் குரோமியத்தால் தோல் பதனிடும் முறையைச் சோதித்தார். கிணற்றிலிருந்து மாடு கட்டி நீர் இறைக்கும் தோல் சால் தண்ணீரில் ஊறிச் சீக்கிரம் கெட்டுப்போனதால், அதற்கு நீடித்து உழைக்கும் தோல் தேவைப்பட்டது என்பது அவருடைய தூண்டுதல்களில் ஒன்று. அரசே முன்னோடி ஆலைகளை நடத்திக் காட்டி, தொழில் வேரூன்றியதும் தனியாருக்கு விற்றுவிடலாம் என்பது அவர் கொள்கை. ஐரோப்பிய வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. லண்டனில் இந்திய விவகாரச் செயலராக இருந்த மார்லி பிரபு, அரசு தொழில் கற்றுக்கொடுக்கலாம், தொழில் நடத்தக் கூடாது என்று 1910இல் கையை விரித்தார். சோதனை அதோடு நின்றாலும் விதை விழுந்துவிட்டது. புறநகர் ரயிலில் தினமும் கடக்கும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரைத் தந்தது, அந்த முறையில் தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனிதான்.

விடுதலைக்குப் பின் 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. அப்போதும் நம் ஏற்றுமதியில் பெரும்பகுதி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு அரைகுறையாகப் பதனிட்ட தோல். அதைச் செருப்பாகவும் பையாகவும் மாற்றும் வேலையும் லாபமும் ஐரோப்பாவுக்குப் போயின. 1972இல் சீதாராமய்யா குழு இந்த ஏற்றுமதியைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தச் சொன்னது, அரசு அதை ஏற்றது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் மண்டிகளில் அன்று எழுந்த எதிர்ப்பை நினைத்துப் பார்க்கலாம். ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் அதே ஊர்கள் முழுதும் பதனிட்ட தோலையும் காலணியையும் ஏற்றுமதி செய்யத் தொடங்கின. இங்கே ஒரு விஷயம் முக்கியம்: தடையை மட்டும் விதித்திருந்தால் தொழில் நசிந்திருக்கும், அடுத்த படிக்கு ஏறத் தேவையான அறிவு அடையாறில் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. அந்த நிறுவனத்தை நெடுங்காலம் வழிநடத்திய ஒய். நாயுடம்மா, ஆய்வுக்கூடத்துக்கும் தோல் தொழிற்சாலைக்கும் இடையே நடந்து நடந்தே பாதை போட்டவர்.

அடுத்த தூண்டுதல்கள் தொழில் கொள்கை என்ற பெயரிலேயே வரவில்லை. தோல் கெடாமலிருக்கச் சேர்த்துவந்த பென்டாகுளோரோஃபீனால் என்ற வேதிப்பொருளை ஜெர்மனி 1989இல் தடைசெய்தது. ஏற்றுமதியாளர்கள் மாற்றுத் தேடி அடையாறுக்கு ஓடினார்கள். பாலாற்றுப் படுகையை நாசமாக்கிய கழிவுநீர் தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையை உறுதிசெய்து, சுத்திகரிப்பு இல்லாத தோல் தொழிற்சாலைகளை மூடச் சொன்னது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும், பின்னர் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதியும் வந்தன. தண்ணீரே சேர்க்காமல் குரோமியத்தைத் தோலுக்குள் ஏற்றும் முறையை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியதற்கு இந்த நெருக்கடியே பின்னணி. இது அசலான புத்தாக்கம், டிராயிங் அடையாறுடையது. பாலாறு பழையபடி ஆகிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் கணக்கில், சென்னையைச் சுற்றி நடந்த தொழில் கொள்கைச் சோதனைகளில் மிகுந்த புத்தாக்கத்தை விளைவித்தது, எந்தச் சலுகையும் தராமல், வாழ்வாதாரத்தையே கேள்விக்குள்ளாக்கிய அந்தத் தீர்ப்புதான்.

விதி வடிவத்தை மாற்றும் என்பதற்கு நம் சாலைகளிலும் சான்று ஓடுகிறது. 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம், நான்கு மீட்டருக்கு மேற்படாத, பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்கும் டீசல் எஞ்சின் 1500 சி.சி.க்கும் உட்பட்ட கார்களுக்குக் கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். அதன் பிறகு இந்தியாவில் கார் வரைகிற ஒவ்வொருவர் மேசையிலும் 3,999 மில்லிமீட்டர் என்ற கோடு விழுந்தது. பின்பக்கத்தை வெட்டியது போல் முடியும் செடான்களும், குட்டையான எஸ்.யு.வி.களும் அந்தக் கோட்டின் பிள்ளைகள். இந்த வரி நெருக்கடி சில உண்மையான பொறியியல் சாதுரியங்களைக் கொண்டுவந்தது; சென்னையைத் தளமாகக் கொண்ட குழு உருவாக்கி 2015இல் வெளிவந்த ரெனோ க்விட் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆயினும் உலகில் வேறெந்த நாடும் கேட்காத ஓர் அளவுக்குள் காரை மடக்கும் கலையில் நாம் தேர்ச்சி பெற்றோமா என்ற ஐயமும் எனக்கு உண்டு. ஃபோர்டு நிறுவனம் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தபோது, அதே நிறுவனத்தின் சென்னைப் பொறியியல் மையம் தொடர்ந்து இயங்கியதைக் கவனித்தவர்கள் குறைவு. ஆலை போய், வரைபவர்கள் தங்கிய விசித்திரம் அது. வரைந்த தாளின் உரிமை மட்டும் டெட்ராய்ட் பக்கம் இருக்கிறது.

காற்றாலைகளைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கி, முப்பந்தல் கணவாய் முழுவதும் பரவி, இன்று தமிழகத்தில் 10,000 மெகாவாட்டைத் தாண்டிய இந்தத் தொழிலுக்கு நீண்ட காலம் உரமாக இருந்தது, முதலீட்டின் முழு மதிப்பையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகை. காற்றாலை நட்டால் போதும், சுற்றாவிட்டாலும் லாபம். நூற்பாலை முதலாளிகள் மார்ச் மாதக் கடைசியில் காற்றாலை வாங்கினார்கள். டென்மார்க் வடிவங்களை இங்கே பொருத்தியவர்களுக்கு, நம் ஆடிக் காற்றுக்கு ஏற்ற இறக்கையை வரைய வேண்டிய அவசியம் எழவில்லை. உற்பத்தியான மின்சாரத்துக்கு ஊக்கத்தொகை என்ற மாற்று 2009இல்தான் வந்தது.

அரசுக்கு வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்ற பழைய ஆட்சேபத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். உதகையில் 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் அந்த ஆட்சேபத்துக்கு நினைவுச்சின்னமாகவே நிற்கிறது: ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் செய்த அந்த நிறுவனம், பாதுகாப்பு விலகியதும் தள்ளாடி, டிஜிட்டல் கேமரா வந்ததும் அடங்கியது. ஆனால் தவறாகத் தேர்ந்தெடுப்பது மட்டுமே குற்றம் என்றால் தனியார் முதலீட்டாளர்களையும் கூண்டில் ஏற்ற வேண்டும். அமெரிக்க அரசின் ஒரே எரிசக்தித் துறை, சோலிண்ட்ரா என்ற சூரியத் தகடு நிறுவனத்துக்கு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் தந்து இழந்தது; ஏறக்குறைய அதே காலத்தில் டெஸ்லாவுக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்து, 2013இல் முழுதும் திரும்பப் பெற்றது. வேறுபாடு தேர்வில் மட்டும் இல்லை. சோலிண்ட்ரா 2011இல் மூடப்பட்டது. அங்கே அரசு சீக்கிரமே தலைமுழுகியது. உதகைத் தொழிற்சாலையை நலிவடைந்ததாக அறிவித்த பிறகும் அதை மூட நமக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்த இருபது ஆண்டுச் சம்பளமும் வட்டியும் எத்தனை ஆய்வுக்கூடங்களுக்குச் சமம் என்று கணக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பின்னணியில், 2020இல் அறிமுகமாகி 14 துறைகளுக்கு 1.97 லட்சம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்ட, உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தைப் பார்க்கலாம். பி.எல்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் இத்திட்டம், கைபேசித் தயாரிப்பாளருக்குக் கூடுதல் விற்பனையின் மீது 4 முதல் 6 சதவீதம் வரை தருவதாக அமைந்தது. விற்றால்தான் பணம் என்பதால் காற்றாலைச் சலுகையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அது கேட்பது எவ்வளவு விற்றாய், எவ்வளவு முதலீடு செய்தாய் என்பதைத்தான். தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான பி.எல்.ஐ.யில் மட்டும், இந்தியாவில் வடிவமைத்த பொருளுக்கு மேலும் 1 சதவீதம் தருவதாக 2022இல் சேர்த்தார்கள். டிராயிங்குக்கு அரசு தன் கையால் போட்ட விலை அது.

நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் இந்தியா செலவிடுவது சுமார் 0.64 சதவீதம், சீனா 2.4 சதவீதத்துக்கும் மேல். தென்கொரியா ஏறத்தாழ 5. அங்கெல்லாம் இந்தச் செலவில் முக்கால் பங்குக்கு மேல் நிறுவனங்களின் பணம். இங்கே மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்கத் திட்டம் தனியார் ஆய்வுக்கு நீண்டகாலக் கடனும் முதலீடும் தருவதை நோக்கமாகக் கொண்டது. பணம் வரும் என்று நம்பலாம். கொரியாவில் கேட்டது போல் மாதந்தோறும் யார் கேட்பார்கள் என்பது வேறு கேள்வி.

தரமணிப் பக்கம் போனால் நிலைமை சற்று மாறித் தெரிகிறது. ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவைச் சுற்றி வளர்ந்த நிறுவனங்களில் ஒன்றான அக்னிகுல், 2024 மே 30 அன்று, ஒரே துண்டாக முப்பரிமாண முறையில் அச்சிட்ட எஞ்சினைக் கொண்ட ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அங்கே அரசு செய்த பெரிய காரியம், 2020இல் இன்-ஸ்பேஸ் அமைப்பை உருவாக்கி, இஸ்ரோவின் வாசலைத் தனியாருக்குத் திறந்தது. மத்திய அரசின் நிதியில் ஐ.ஐ.டி.யில் உருவான சக்தி என்ற நுண்செயலி (புராசசர்) குடும்பமும் உண்டு. 2018இல் அதன் முதல் சிப்களில் ஒன்று, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள இன்டெல் ஆலையில் உருவாயிற்று: வரைந்தது சென்னை, செய்தது அயல்நாடு. நோக்கியா காலத்து ஏற்பாடு அப்படியே தலைகீழாகியிருந்தது. 2025இல் இஸ்ரோவும் ஐ.ஐ.டி.யும் சேர்ந்து அறிவித்த ஐரிஸ் என்ற சிப் இன்னும் ஒரு படி உள்ளே வந்தது; வடிவமைப்பு சென்னையில், தயாரிப்பு மொகாலியின் அதே பழைய ஆலையில், பலகையில் பொருத்துவது மீண்டும் சென்னையில்.

மொகாலியில் இன்று ஓடுவது 180 நானோமீட்டர் தொழில்நுட்பம். உலகம் அதைக் கடந்து கால் நூற்றாண்டு ஆகிறது. ராக்கெட்டுக்கு அது போதும், மின் மீட்டருக்கும் போதும். ஆனால் இஸ்ரோ வாங்கும் சிப்களை எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையில் ஒரு சிப் நிறுவனம் பிழைக்க முடியாது. நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைப் பொருத்தும் இலக்கு இருக்கிறது, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு சிப், வாங்கப்போவதில் பெரும்பகுதி அரசு மின்வாரியங்கள். டெண்டரில் மீட்டரின் விலைக்கும் துல்லியத்துக்கும் பக்கத்தில், உள்ளிருக்கும் சிப்பை வரைந்தது யார் என்று ஒரு வரி சேர்ப்பதற்கு மானியமோ நிலமோ தேவையில்லை. அண்ணா சாலை மின்வாரியத் தலைமையகத்திலிருந்து ஐ.ஐ.டி. வாசலுக்கு, போக்குவரத்து நெரிசல் இல்லாத நேரத்தில், அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.